சொல் இல்லாத பலகை

எங்கள் தெருவில் ஒரு செய்தி வீடு வீடாகப் போக வேண்டுமென்றால் அதற்குப் பலகையும் வேண்டும், சொல்லும் வேண்டும்.

பலகை பேரி மரத்தில் செதுக்கியது. உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரியது, இதய வடிவம். ஒரு பக்கம் சிலுவை, மறுபக்கம் தெரு வீடுகள் சேர்ந்த எங்கள் அயல்கூட்டத்தின் அடையாளமான கோதுமைக் கதிர். அதில் செய்தி எதுவும் எழுதியிருக்காது. செய்தி வாயில்தான் வரும். கூட்டத்துக்குத் தலைவரான தெருத் தகப்பன் முதல் வீட்டுக்காரர் கையில் பலகையைக் கொடுத்துச் சொல்லைச் சொல்வார். வாங்கியவர் அதை அப்படியே திருப்பிச் சொல்லிக் காட்ட வேண்டும். ஒரு வார்த்தை பிசகினாலும் மறுபடி முதலிலிருந்து. சரியாகச் சொன்ன பிறகுதான் அவர் அடுத்த வீட்டுக்கு நடக்கலாம். பதினான்கு வீடுகள். பலகை எந்த வீட்டிலும் இடையில் தங்கக்கூடாது. கடைசி வீட்டுக்காரர் மறுநாள் அதைத் தகப்பனிடம் திருப்பிக் கொடுப்பார்.

எழுதி அனுப்பிவிட்டுப் போகலாமே என்று கேட்பவர்கள் உண்டு. எழுதினால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பலகை ஏன் என்றால், வெறும் சொல்லை யாரும் நம்பக் கூடாது. குடித்துவிட்டு "தீ! தீ!" என்று கத்துகிறவன் எல்லாத் தெருவிலும் ஒருவன் இருப்பான். ஆகவே பலகை இல்லாமல் வரும் சொல்லுக்கு யாரும் அசையக் கூடாது என்பது விதி. பொய்ச் சொல் கொடுத்தவர் கூட்டத்திலிருந்து நீக்கப்படுவார். சொல் இல்லாமல் பலகை மட்டும் வந்தால் என்ன செய்வது என்பதற்கு விதி இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

கிறிஸ்து சொன்ன அன்பை, ஜெர்மன் வழியில் வந்த சாக்ஸன் மக்களான நாங்கள், எங்கள் தெருக்களில் முறைவைத்துச் செய்வோம். கூரை மாற்றுவதற்கு முறை உண்டு. நோயாளியின் அருகில் உட்காருவதற்கு முறை உண்டு. ஒருவர் இறந்தால் பக்கத்து நான்கு வீடுகள் குழி வெட்டும். மனம் வந்தால் செய்வது என்று விட்டுவிட்டால் பாதிப் பேருக்கு மனம் வராது. முறை என்று வைத்தால் மனம் பின்னாலேயே வந்து சேரும். நான் இதை ஒரு நல்ல இயந்திரம் போல மெச்சி வந்தேன். அந்த வருஷம் அதில் மணலை அள்ளிப் போட்டவளும் நான்தான்.

ஜூன் தொடக்கத்தில் என் கணவர் ஆந்திரேயாஸ் நுரையீரல் நோயில் இறந்தார். குழி வெட்ட மூன்று வீடுகளிலிருந்து ஆள் வந்தது. நான்காவது வீடு மெல்கியோர் ரோத்தினுடையது, என் வீட்டுக்கு அடுத்த வீடு. அவர் வரவில்லை. தன் மண்வெட்டியை மட்டும் வேறொருவர் தோளில் ஏற்றி அனுப்பினார். அந்த மண்வெட்டி குழி ஓரத்தில் யாரும் தொடாமல் சாய்ந்து கிடந்தது. அன்றிலிருந்து நான் அவரோடு பேசவில்லை.

எங்கள் கூட்டத்தில் ஜனவரியில் நேர்ப்படுத்தும் நாள் ஒன்று உண்டு. சண்டை போட்டவர்கள் அன்று எல்லார் முன்னாலும் சமாதானமாக வேண்டும். ஆகாதவர்களுக்குத் திருவிருந்து கிடையாது. ஜனவரிக்கு இன்னும் மாதங்கள் இருந்தன. அதுவரை கோபத்தை வைத்துக்கொள்ள எனக்கு அனுமதி இருக்கிறது என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

பலகை வந்தால் ரோத்தின் கையில்தான் நான் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. அவர் வாசற்கதவில் இருந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்துவிடுவேன். அவருடைய மனைவி ரோஸினா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்ன சொல்லியிருக்காங்க ஆக்னெத்தா?" என்று கேட்பாள். அவளிடம் சொல்லிவிடுவேன். மூன்று முறை இப்படியே நடந்தது. இயந்திரம் கொஞ்சம் கிறீச்சிட்டது, ஆனால் ஓடியது.

செப்டம்பர் கடைசியில் ஒன்பது நாள் விடாமல் மழை. திங்களன்று நின்றது. புதன்கிழமை மாலை மேல்வீட்டு ஸாரா பிண்டர் பலகையோடு ஓடி வந்தாள். வழக்கமாக அவள் நடந்துதான் வருவாள்.

"கையை நீட்டுடி. நல்லாக் கேளு. மீன்குளத்துக் கரையில கசிவு கலங்கி வருது. அடிக்குழாயை அடைச்சாச்சு. நாளைக்குக் காலை மணி அடிச்சதும் பெரிய மதகைத் தூக்குறாங்க. ஓடையில ஆளோ மாடோ இருக்கக் கூடாது. தாழ்வுப் புல்வெளியைக் காலி பண்ணணும். சொல்லு பாப்போம்."

நான் சொன்னேன். "தாழ்வுப் புல்வெளி" என்பதை விட்டுவிட்டேன். மறுபடி சொல்ல வைத்தாள்.

"கலங்கியா வருது?" என்று கேட்டேன்.

"காப்பி மாதிரி இருக்காம். கிராஃப் நேர்ல பாத்துட்டு வந்தாரு." கிராஃப்தான் தெருத் தகப்பன்.

மண் கரை எதுவும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். கசிவு தெளிவாக இருக்கும்வரை பயமில்லை; தண்ணீர் மட்டும்தான் வெளியே வருகிறது. கலங்கி வந்தால் கரை உள்ளிருந்து தன்னைத்தானே தின்கிறது என்று அர்த்தம். குளத்தின் அடியில் கரைக்குக் குறுக்கே ஒரு பழைய மரக்குழாய் போகிறது. ஓடைக்கு அன்றாடம் தண்ணீர் வருவது அதன் வழியாகத்தான். அது உளுத்துவிட்டது என்று சந்தேகப்பட்டு அதை அடைத்துவிட்டார்கள். மீதி வழி பெரிய மதகு. எட்டு எருது பூட்டி அதன் கதவைத் தூக்க வேண்டும். தூக்கிவிட்டால் தண்ணீர் பாயும் வேகத்தில் அதை யாராலும் இறக்க முடியாது. குளம் காலியான பிறகுதான் இறங்கும்.

ஸாரா போன பிறகு பலகையோடு ரோத்தின் வாசலுக்குப் போனேன். ரோஸினா அன்று காலையில் கூடையோடு தன் அக்காள் ஊருக்குப் போனதை நான் ஜன்னலிலிருந்து பார்த்திருந்தேன். மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். வேலிக்கு மேல் எந்தத் தலையும் வராது என்று தெரிந்தேதான் ஆணியில் மாட்டினேன். உள்ளே ரோத் அரிவாள் தீட்டும் சத்தம் கேட்டது. இவர் இப்போது வெளியே வந்து பலகையைப் பார்ப்பார். சொல்லுக்காக என் வாசலுக்கு வந்தாக வேண்டும். வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நிற்கட்டும் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அடுப்பில் மக்காச்சோளக் களியைக் கிளறியபடி காத்திருந்தேன். யாரும் கதவைத் தட்டவில்லை. ஒரு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தேன். ஆணி வெறுமையாக இருந்தது. மேலே ஸாரா வீட்டுக்குப் போய்க் கேட்டிருப்பார், என்னிடம் கேட்க வாய் வரவில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. என் பசுவைத் தாழ்வுப் புல்வெளியிலிருந்து ஓட்டி வந்து கட்டினேன். ரோத்தின் இரண்டு கன்றுகள் அங்கேயே மேய்ந்துகொண்டிருந்தன. பிறகு ஓட்டி வருவார் என்று எண்ணினேன். அந்தக் கன்றுகள் எனக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டன, நான்தான் கேட்கவில்லை.

மறுநாள் காலை கோவில் மணி அடித்தபோது நான் கொல்லையில் இருந்தேன். ஓடை எங்கள் கொல்லைகளுக்குப் பின்னால், இரண்டு பக்கமும் கற்சுவர் எழுப்பிய பள்ளத்தில் ஓடுகிறது. சுவர் ஒரு ஆள் உயரத்துக்கும் மேல். பாலத்தடியில் ஒரு ஏணி, கீழே வெளுக்கும் துறையில் இன்னொன்று. மணி ஓய்ந்ததும் அந்தப் பள்ளத்திலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு கல்லில் மண்வெட்டி உரசுகிற சத்தம்.

எட்டிப் பார்த்தேன். ரோத் வீடு தொடங்கித் தெருக்கோடி வரை வீட்டுக்கு ஒருவராக ஒன்பது பேர் ஓடையில் இறங்கி வண்டல் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு அந்தக் கணமே புரிந்தது. ஒவ்வொரு வருஷமும் அறுவடைக்குப் பிறகு ஏதாவது ஒரு நாள் ஓடையைத் தூர் வாருவோம். அதற்கு முந்தின நாள் குளத்து அடிக்குழாயை அடைப்பார்கள், ஓடை வற்றும், பலகை வரும். ரோத் பலகையைப் பார்த்திருக்கிறார். கொல்லைக்குப் போய் ஓடையைப் பார்த்திருக்கிறார். வற்றிக் கிடந்தது. என்னிடம் கேட்பதற்குப் பதிலாகச் சொல்லைத் தானே உண்டாக்கிக் கொடுத்துவிட்டார்: நாளைக் காலை, வீட்டுக்கு ஒருவர், மண்வெட்டியோடு.

மணி அடித்தாயிற்று. எருதுகள் இழுக்கத் தொடங்கியிருக்கும். ஆந்திரேயாஸ் ஒருமுறை மதகு திறந்த அன்று வைக்கோல் கட்டு ஒன்றைத் தண்ணீரில் போட்டு, கோபுரக் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்திருந்தார். குளத்திலிருந்து பாலத்துக்குக் கால் மணி நேரம்.

பாலத்துக்கு ஓடினேன்.

"ஏறுங்க! எல்லாரும் மேல ஏறுங்க! மதகைத் தூக்கியாச்சு!"

நெசவுக்காரன் லுகாஸ் ஷெம்மெல் மண்வெட்டிக் காம்பில் சாய்ந்துகொண்டு மேலே பார்த்தான். "வாங்க ஆக்னெத்தாக்கா! மேல்வீட்டுக்காரங்க எல்லாம் இன்னும் போர்வைக்குள்ள கெடக்காங்கன்னு இப்பத்தான் பேசிக்கிட்டோம். நீங்க ஒருத்தராவது வந்தீங்களே. மண்வெட்டி எங்க? கையால அள்ளப் போறீங்களா?"

"விளையாடாதே லுகாஸ். தண்ணி வருது."

"வந்தா நல்லதுதான். இவருக்குக் கால் கழுவி ஒரு மாசம் ஆச்சு." பக்கத்தில் நின்றவர் அவன் முதுகில் ஒரு அப்பு வைத்தார். எல்லாரும் சிரித்தார்கள்.

"மேல்வீட்டுக்கெல்லாம் வேற சொல் போயிருக்கு! கரை கசியுது! ஓடையில ஆள் இருக்கக் கூடாதுன்னுதான் சொல்!"

சிரிப்பு குறைந்தது. ஒரு பெரியவர் கேட்டார், "பலகை எங்கம்மா?"

"பலகை உங்க கோடி வீட்டுலதான் இருக்கு, என்கிட்ட எப்படி..."

"நேத்துப் பலகையும் வந்துச்சு, சொல்லும் வந்துச்சு. தூர் வாரணும்னு. இப்ப பலகை இல்லாம வந்து வேற சொல்றியே."

"விடுங்க சித்தப்பா," என்று லுகாஸ் தாழ்ந்த குரலில் சொன்னது எனக்குக் கேட்டது. "அண்ணன் போனதுலேருந்து அக்காவுக்கு மனசு ஒரு நிலையில இல்ல."

அவர்கள்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. விதிப்படி நின்றார்கள். எந்த விதியை நான் வாழ்நாளெல்லாம் மெச்சினேனோ அதே விதி. அதைத் திறக்க ஒரே ஒரு வழிதான் இருந்தது.

"சொல்லை நான் குடுக்கவே இல்ல!" என்று கத்தினேன். "பலகையை ஆணியில மாட்டிட்டுப் போயிட்டேன். வேணும்னேதான் செஞ்சேன். ரோத் வீட்டுக்குச் சொல் போகல. அவருக்கு ஒண்ணும் தெரியாது!"

எல்லாத் தலைகளும் ரோத் பக்கம் திரும்பின. அவர் பாலத்துக்குச் சற்றுக் கீழே நின்றிருந்தார். முகம் சுண்ணாம்பு பூசியது போல இருந்தது. பொய்ச் சொல் கொடுத்தவர் கூட்டத்திலிருந்து நீக்கப்படுவார். நீக்கப்பட்டவரின் கூரைக்கு ஆள் வராது, நோய்க்கு ஆள் வராது, குழிக்கும் ஆள் வராது. நான் மனம் பேதலித்தவள் என்று அவர் சொல்லிவிட்டால் போதும்; பாதிப் பேர் ஏற்கனவே அப்படித்தான் நினைத்தார்கள்.

"மெல்கியோர்!" நான்கு மாதத்தில் அவர் பெயரை அன்றுதான் சொன்னேன். "சொல்லுங்க!"

அவர் குனிந்து தன் காலடியைப் பார்த்தார். கணுக்கால் அளவுகூட இல்லாத தண்ணீர். வேலை நின்றதால் அது தெளியத் தொடங்கியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் நிறம் மாறியது. நானும் மேலிருந்து பார்த்தேன். காய்ந்த இலைகள் இரண்டு மூன்று, அசையாமல் கிடந்தவை, மெதுவாக நகரத் தொடங்கின. பள்ளத்துக்குள் குளத்துப் பக்கமிருந்து ஒரு குளிர்ந்த காற்று வந்தது. அதில் சேற்று மீன் நாற்றம்.

ரோத் மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"அவ சொல்றது நெசம். எனக்குச் சொல் வரல. ஓடை வத்திக் கெடந்துச்சு, தூர் வாரத்தான் இருக்கும்னு நானா இட்டுக்கட்டிச் சொன்னேன். அவகிட்டப் போயிக் கேக்க மனசில்லாம சொன்னேன். ஏறுங்கடா! நிக்காதீங்க!"

ஏணியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் ஏற முடியும். முதலில் பெரியவரை ஏற்றினார்கள். நான் மேலிருந்து கைகளைப் பிடித்து இழுத்தேன். ஈரக் கம்பளி, சேறு, யாருடைய நகமோ என் மணிக்கட்டில் கீறியது. ஐந்தாவது ஆள் ஏறியபோது வண்டிகள் பல ஒன்றாகக் கல்பாலத்தில் ஓடுவது போல ஒரு சத்தம் தொலைவில் கேட்டது. ஏழாவதாக லுகாஸ் ஏறினான். ஏறியவன் திரும்பி எண்ணிப் பார்த்தான்.

"கோட்டன் எங்க? பாவுல் கோட்டன் எங்க?"

செருப்புத் தைக்கிற கோட்டனுக்குக் காது கேட்காது. அவர் வளைவுக்கு அப்பால் தனியாக அள்ளிக்கொண்டிருந்தார். நாங்கள் கத்தியது எதுவும் அவருக்கு எட்டியிருக்காது.

ரோத் ஏணியின் முதல் படியில் கால் வைத்திருந்தார். காலை எடுத்துவிட்டு வளைவை நோக்கி ஓடினார்.

தண்ணீர் தண்ணீரைப் போல வரவில்லை. வேலிக் கம்புகள், வைக்கோல், ஒரு கோழிக் கூண்டு, வேரோடு ஒரு மரம், எல்லாம் சேர்ந்த ஒரு பழுப்புச் சுவர் பள்ளத்தை நிரப்பிக்கொண்டு வந்தது. நாங்கள் கரையோரமாக ஓடினோம். வளைவில் ரோத் கோட்டனின் இடுப்பைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். சுவரில் மாடு கட்டும் இரும்பு வளையம் ஒன்று உண்டு. கோட்டன் அதைப் பிடித்தார். லுகாஸ் குப்புறப் படுத்து அவர் சட்டையைப் பற்றினான். அதற்குள் கீழே ரோத் இருந்த இடத்தில் அவர் இல்லை.

வெளுக்கும் துறையில் அவரை நெருப்பு அணைக்கும் கொக்கியால் இழுத்துக் கரை சேர்த்தார்கள். உயிர் இருந்தது. வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் ஒடிந்து திரும்பியிருந்தது. அவருடைய கன்றுகள் இரண்டும் போயின. குளத்துக் கரை உடையாமல் நின்றது.

எங்கள் இருவரையும் என்ன செய்வது என்று கிராஃப் எதுவும் சொல்லவில்லை. எலும்பு கட்டுபவர் வந்து கட்டிவிட்டுப் போன பிறகு, அவர் என் வாசலுக்கு வந்து, "நோயாளி முறை மேல்வீட்டுலேருந்துதான் ஆரம்பிக்கும். ரோத்துக்கு மேல்வீடு உன்னோடதுதான்," என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"நானா?"

"முறைம்மா. நான் என்ன செய்ய?"

போனேன். சேதி கேட்டுத் திரும்பியிருந்த ரோஸினா இரண்டு நாள் தூங்காத கண்ணோடு என்னைப் பார்த்தாள். நாற்காலியைக் காட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்ப் படுத்தாள். முறைக்கு வருகிறவர் நோயாளியோடு சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும். சொன்னோம். மன்னிப்பு வருகிற வரியில் இரண்டு குரலும் தாழ்ந்து, யார் சொன்னார் யார் சொல்லவில்லை என்று தெரியாமல் கடந்து போனது.

எலும்பு கட்டுபவர் முறைக்கு வருகிறவருக்கு ஒரு வேலை சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஒடிந்த காலின் பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். அழுத்தினால் வெளுக்கும், எடுத்தால் ரத்தம் திரும்பி வந்து சிவக்கும். இரண்டு எண்ணுவதற்குள் சிவந்தால் காலுக்கு ரத்தம் போகிறது. வெறும் விரல் நுனியை வைத்து உள்ளே நடப்பதைப் பார்த்துவிடலாம். காலையில் அழுத்தினேன். மூன்று எண்ணினேன். சிவந்தது.

மதியம் வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்தது. ரோத் கண்ணைத் திறந்திருந்தார்.

"ஏன் வரல?" என்று கேட்டேன். எதைக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

"காரணம் வேணுமா?"

"வேணும்."

"அன்னைக்கு வைக்கோல் காஞ்சு கெடந்துச்சு. மேகம் கூடுச்சு. நாலு பேர்ல ஒருத்தன் கொறஞ்சா தெரியாதுன்னு நெனச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் ஆக்னெத்தா. பெருசா ஏதாவது இருக்கும்னு நானும் தேடிப் பாத்துட்டேன். இல்ல."

நான்கு மாதமாக நான் அவருக்காக எத்தனையோ காரணங்கள் தயாரித்து வைத்திருந்தேன். பொறாமை, பழைய எல்லைத் தகராறு, ஆந்திரேயாஸ் எப்போதோ சொன்ன ஏதோ ஒரு சொல். எல்லாமே வைக்கோலைவிடப் பெரியவை.

"உங்களை என் வாசல்ல நிக்க வைக்கணும்னு நெனச்சேன்," என்றேன். "அதுக்குத்தான் சொல்லாம விட்டேன்."

அவர் சிரிக்கப் பார்த்தார், வலித்திருக்க வேண்டும். "வந்திருப்பேன். தொப்பி கெடைக்கல."

"பொய்."

"பொய்தான்." முகட்டைப் பார்த்தபடி, "ஒம்போது பேர் போயிருப்போம்," என்றார்.

"ஆமா."

"மன்னிச்சிட்டியா?"

"தெரியல. பேசாம இருங்க, நகத்தைப் பாக்கணும்."

போர்வையை விலக்கினேன். விரல்கள் வீங்கி மினுமினுத்தன. காலையில் இல்லாத ஒரு நிறம் நகத்தின் அடியில் இருந்தது. அழுத்தி எடுத்தேன். இரண்டு எண்ணினேன். ஐந்து எண்ணினேன்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

நல்லா இருக்கு என்று சொல்ல வாய் வந்தது. அது எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் என்னைப் பயமுறுத்தியது.

"ரத்தம் திரும்பல. கருக்க ஆரம்பிச்சிருக்கு. டாக்டரைக் கூட்டிட்டு வர வண்டி போகணும்."

"காலை எடுத்துருவாங்களா?"

"எடுக்கலாம்."

"அதுக்கு மேலயும் ஆகலாமா?"

"ஆகலாம்."

அவர் தலையை ஆட்டினார். சொன்னதைத் திருப்பிச் சொல்லிப் பார்ப்பது போல உதடுகள் அசைந்தன. நான் ஜன்னலைத் திறந்து, தெருவில் விறகு பிளந்துகொண்டிருந்த லுகாஸைக் கூப்பிட்டேன். என் முகத்தைப் பார்த்ததும் அவன் கோடரியைப் போட்டுவிட்டுக் குதிரை லாயத்துக்கு ஓடினான்.

"என் முறை மூணு மணியோட முடியுது," என்றேன். "டாக்டர் வர்ற வரைக்கும் இருக்கேன்."

ரோத் இரண்டு கையாலும் கட்டிலின் விளிம்பைப் பிடித்திருந்தார். தெருவில் குதிரைக் குளம்புகள் தூரமாயின. நான் மறுபடி நகத்தை அழுத்தினேன். விரலை எடுத்துவிட்டு எண்ணத் தொடங்கினேன்.